அயினி மரத்துக்கு ஒரு தெருவிளக்கு

பஞ்சாயத்துக் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்கள், அங்கே பெரிய பெரிய விஷயமெல்லாம் முடிவாகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்தபோது, ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த என்னைக் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். தமிழ் ஓட்டு நிறைய உள்ள வார்டு, வாய் இருக்கிற பொம்பளையாக வேண்டும் என்றார்கள். வாய்க்கு என்னிடம் குறைச்சலே இல்லை. ஜெயித்த அன்று ஜீப்பின் முன் சீட்டில் மாலையோடு உட்காரவைத்து ஏலக்காட்டு ரோடெல்லாம் சுற்றி வந்தார்கள். இனிமேல் இந்த மலையில் என்னைக் கேட்காமல் ஒரு கல்லும் நகராது என்று எனக்கு ஒரு நினைப்பு. இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது.

கூட்டம் மாதாமாதம் நடக்கும். நீள மேசையின் தலைமாட்டில் பிரசிடெண்ட், அவர் பக்கத்தில் செக்ரட்டரி, இரண்டு பக்கமும் நாங்கள் மெம்பர்கள். கிளார்க் மலையாளத்தில் அஜண்டா வாசிப்பார். நாய்க்கடி ஊசி, கோழிக்கூடு யாருக்குக் கொடுப்பது, அங்கன்வாடியில் ஒழுகுகிற கூரை, எரியாத தெருவிளக்கு, பகலிலும் எரிகிற தெருவிளக்கு. நடுவில் கட்டன்சாயாவும் பருப்பு வடையும் வரும். வடை வந்துவிட்டால் அப்புறம் வருகிற ஐட்டமெல்லாம் கடகடவென்று ஓடிவிடும். எனக்கு மலையாளம் பேச வரும், சண்டை போடவும் வரும். படிக்கத்தான் ஆரம்பத்தில் திணறினேன். இரண்டாம் வருஷத்தில் அதுவும் பழகிவிட்டது.

பிரசிடெண்ட் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருத்தர் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஓய்வுபெற்ற வாத்தியார். யார் வந்தாலும் எழுந்து நாற்காலி காட்டுவார். ஆனால் எந்த விஷயத்தில் கஷ்டம் என்று தெரிகிறதோ, அதற்கு அவரிடம் ஒரே பதில்தான். "நோக்காம்." பார்ப்போம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கிற கனிவைப் பார்த்தால், காரியமே முடிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு சந்தோஷமாக எழுந்து போவோம். படி இறங்கும்போதுதான் கையில் ஒன்றும் இல்லை என்று தெரியும்.

அந்த அபேட்சை வந்தது என்னுடைய முதல் மழைக்காலத்துக்கு முன்னால். எங்கள் பக்கத்தில் விண்ணப்பம் என்று யாரும் சொல்வதில்லை, அபேட்சைதான். கொண்டுவந்தவள் என்னோடு ஸ்டோரில் காய் பிரித்தவள், என்னைவிட இளையவள். ஒரு மகள், எட்டாம் வகுப்பு. புருஷன் படுத்த படுக்கை. மிளகுக் கொடியில் காய் பறிக்க ஏறியவன் ஏணியோடு விழுந்து, கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. அஞ்சு சென்ட் நிலத்தில் ஓட்டு வீடு. வீட்டுக்கு மேலே ஜீப் ரோடு. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற திட்டில் ஒரு பெரிய அயினி மரம், காட்டுப்பலா ஜாதி. மழை மண்ணை அரித்து அரித்து அதன் வேர் பாதி வெளியே வந்துவிட்டது. அடியில் ஒரு பொந்து, ஆள் தலையை நுழைக்கலாம். மரம் மொத்தமும் வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது.

"மெம்பரக்கா, காத்து அடிச்சா பொந்துக்குள்ள இருந்து கர்ருனு ஒரு சத்தம் வருது. நானும் புள்ளையும்னா எந்திரிச்சு ஓடிருவோம். அவரத் தூக்கிக்கிட்டு எங்கிட்டு ஓட?" என்றாள்.

"நீ ஒண்ணும் பயப்படாத புள்ள. மழைக்கு முன்னாடி மரத்தைச் சாய்ச்சுருவோம். ஒரு மரத்த வெட்ட முடியலைன்னா நான் எதுக்கு மெம்பரு?" என்றேன். அப்போது அதை மனசாரத்தான் சொன்னேன்.

கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஒரு மெம்பர், அப்படிச் சாய்ந்த மரம் தன் வார்டிலும் உண்டு என்றார். செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், அந்த மரம் நிற்கிற மண் பஞ்சாயத்தினுடையதா என்று. யாருக்கும் தெரியவில்லை. பஞ்சாயத்து மண்ணில் இல்லாத மரத்துக்குப் பஞ்சாயத்துப் பணம் செலவழித்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்றார் அவர். அதுவும் இல்லாமல் எங்கள் ஏலமலையில் ஒரு விசேஷம். மண் ஒரு துறை கையில், அந்த மண்ணில் தானாக முளைத்த மரம் இன்னொரு துறை கையில். மனுஷன் குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் பஞ்சாயத்து நம்பர் போடும். விழப்போவது ஒருத்தருடையது, விழுகிற இடம் இன்னொருத்தருடையது, அடியில் கிடப்பவர்கள் எங்களுடையவர்கள்.

"நல்லாருக்கே நியாயம்! மரம் விழும்போது இது யாரு மண்ணுன்னு கேட்டுக்கிட்டா விழும்?" என்று கத்தினேன்.

"சேச்சி, எனிக்கு மனசிலாயி. பட்சே நியமம் வேண்டே?" என்றார் பிரசிடெண்ட். எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டம் என்று ஒன்று வேண்டாமா என்று கேட்கிறார். அவர் கேட்கிற விதத்தில் கோபப்படக்கூட முடியாது. கடைசியில் வனத்துறைக்கு எழுதுவது என்று தீர்மானம் போட்டார்கள். வடை வந்தது.

வனத்துறை ரேஞ்ச் ஆபீஸிலிருந்து பதில் வர ஒரு மழை முடிந்துவிட்டது. மண் யாருடையது என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று வாங்கி அனுப்புங்கள் என்று இருந்தது அதில். வில்லேஜ் ஆபீஸில் போய் நின்றால், அளந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது, தாலுக்கா சர்வேயர் வர வேண்டும் என்றார்கள். சர்வேயரிடம் போனேன். அவருக்குக் கீழே இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தரும் இல்லை. மேசை முழுக்கக் கட்டு கட்டாகக் காகிதம். "நிங்ஙள் தன்னெ பற, ஞான் எந்து செய்யும்?" என்று என்னிடமே கேட்டார். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது, திட்ட வந்த நான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இப்படியும் ஒரு பொழப்பா என்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழாத குறை.

மழை நாள்களில் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. ஒரு தடவை மழை பலமாக இருக்கும் என்று எச்சரிக்கை வந்ததும், பக்கத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, ஸ்கூலில் போட்டிருந்த முகாமுக்குத் தூக்கிப்போனோம். வழுக்குகிற படி. நாற்காலிக் கால் ஒன்று உடைந்து, அவர் சேற்றில் சாய்ந்துவிட்டார். முகாமில் சிமெண்டுத் தரையில் கிடந்து முதுகெல்லாம் புண். ஊர் ஜனம் மொத்தமும் பார்க்க, பொண்டாட்டி அவருக்கு மூத்திரத் துணி மாற்ற வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மெம்பரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே என்னைத் தூக்காதீங்க. விழுந்தா விழட்டும், எங்க வீட்டுக்குள்ளயே கெடக்கேன்."

வேறு வீடு பார்க்கலாமே என்று சொல்லாத ஆள் இல்லை. சொல்வது சுலபம். கையை ஊன்றி நகரக்கூட முடியாத மனுஷனுக்கு, ஸ்டோர் வேலைக்குப் போகிற தூரத்தில், மேடு ஏறாத இடத்தில் வாடகை வீடு யார் வைத்திருக்கிறார்கள்? நானும் தேடினேன். படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது என்றதும் வீட்டுக்காரர்களுக்கு உடனே வேறு யாரோ கேட்டிருந்தது நினைவுக்கு வந்துவிடும்.

இரண்டாம் வருஷம் ஜூன் மாதம், எடவப்பாதி என்கிற பருவமழை தொடங்குகிற நேரம். நான் அவள் வீட்டுப்பக்கம் போயிருந்தேன். மரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது, அதில் ஒரு விரலி மஞ்சள். வேரடியில் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்திருந்தாள்.

"என்னடி இது?"

அவளுக்கு வெட்கம். முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னாள். "எல்லா ஆபீஸுலயும் கேட்டாச்சுல்லக்கா. அதுகிட்டயே ஒரு வார்த்த கேட்டுருவோம்னுதான். விழுறதா இருந்தா மேல ரோட்டுப் பக்கமா விழு தாயினு கேட்டுக்கிட்டேன்."

நான் சிரித்தேன். உள்ளே இருந்து அவள் புருஷனும் சிரித்தார். "சாமியா இருந்தா மொதல்ல என்னய எந்திரிச்சு நடக்க வைக்கட்டும். அப்புறம் இவ சொல்றத நம்புறேன்" என்றார். அன்று மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த வாரமே காற்று வந்தது. மலையில் கரண்ட் போய், ரோடெல்லாம் ஏலச்சருகும் ஒடிந்த கிளையுமாகக் கிடந்தது. அயினி மரத்தின் பெரிய கொம்பு ஒன்று, வீட்டுக்கு மேலே நீண்டிருந்த கொம்புதான், முறிந்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஜீப் ரோட்டில் போய் விழுந்தது. ஒரு ஓடுகூட உடையவில்லை.

இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. காற்று அப்படி அடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பில் வந்த பெண்கள் ரோட்டை மறித்துக் கிடந்த கொம்பைப் பார்த்தார்கள், கீழே அப்படியே நிற்கிற வீட்டைப் பார்த்தார்கள், மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்கள். போதாதா? அவள் கேட்டுக்கொண்டதை அவளே எல்லாரிடமும் சொன்னாள். பயம் தெளிந்த சந்தோஷத்தில் சொன்னாள், பாவம். மத்தியானத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதலில் வேலைக்குப் போகிற பெண்கள் இறங்கி ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தார்கள். அப்புறம் ஜீப் டிரைவர்கள் ஹாரனைத் தட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எஸ்டேட் லயத்துக் கிறிஸ்தவப் பெண்கள்கூட மெழுகுவத்தி ஏற்றினார்கள், அவர்கள் வீட்டுக்கும் மேலே மரம் இருக்கிறதே. மலையாளி வீடுகளிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தார்கள். கீழே கம்பம் டவுனிலிருந்து வந்த வியாபாரி ஒருத்தர், ஏலக்காய் விலை ஏறினால் பீடம் கட்டித் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அவர் நேரத்துக்கு விலை ஏறித் தொலைத்தது. சிமெண்டுப் பீடம் வந்தது, சூலம் வந்தது, மணி வந்தது, மரத்துக்குச் சிவப்புப் பட்டு வந்தது. பேரும் வந்துவிட்டது, மரத்தம்மா. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், விழாக் கமிட்டி, பூசைக்கு ஒரு ஆள்.

பீடத்துக்குக் கல் இறக்கும்போது, இன்னும் கொஞ்சம் வேர் வெட்டுப்பட்டது.

அவள் வாசலில் செருப்புகள் குவிந்தன. வருகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள், சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இவருக்குத்தானா?" என்பார்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கழுத்துவரைதான் அவரால் திரும்ப முடியும்.

இந்த லட்சணத்தில்தான், என்னுடைய நாலாம் வருஷத்தில், வந்தது அனுமதி. எந்தப் புண்ணியவான் எந்தக் காகிதத்தை எங்கே தள்ளிவிட்டானோ, வனத்துறையிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. மரம் ஆபத்தான நிலையில் இருப்பதால், பஞ்சாயத்து தன் பொறுப்பில் அதை வெட்டி அகற்றலாம். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் நின்று அழுதேன். சந்தோஷ அழுகை. கிளார்க் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மரம் வெட்டுகிறவரைக் கூட்டிப் போய்க் காட்டினோம். அவர் வாளைக்கூட ஜீப்பிலிருந்து இறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதுல நான் கை வைக்க மாட்டேங்க. எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றார். அடிவாரத்திலிருந்து வேறொருத்தரை வரவழைத்தேன். அவர் வருவதற்குள் குரூப்பில் செய்தி போய், ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. கையில் கைக்குழந்தையோடு ஒருத்தி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் வார்டுக்காரி, எனக்கு ஓட்டுப் போட்டவள். "மெம்பரக்கா, நீங்க தமிழச்சிதானா?" என்று கேட்டாள். கழுத்தில் கத்தி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் கீழே வீட்டுக்கு ஓடினேன். "ஏய், நீ மேல வா. வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு. நாந்தான் பயத்துல கயிறு கட்டுனேன், இது சாமி கெடையாதுனு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "எப்படிக்கா சொல்லுவேன்? நான் கேட்டேன், அது கேட்டுச்சு. மேல பக்கமா விழுந்துச்சா இல்லயா? இப்ப நீ சாமி இல்லைனு அதுகிட்டப் போயிச் சொல்லி, அதுக்குக் கோவம் வந்து இங்கிட்டு விழுந்துட்டா?"

"அப்ப வெட்ட வேணாமா?"

"வெட்டணும்க்கா. வெட்டணும்." அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆனா நான் சொல்லி வெட்டக் கூடாது. நீங்களா வெட்டிருங்க. என்னய இழுக்காதீங்க."

உள்ளே கட்டிலிலிருந்து அவர் கத்தினார். "வெட்டச் சொல்லுங்க மெம்பரம்மா! நான் சொல்றேன்! என்னயத் தூக்கிட்டுப் போயி ரோட்டுல போடுங்க, நான் சொல்றேன்!" மேலே மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் அடுப்படியைத் தாண்டவில்லை.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காக எந்த ஆபீஸும் அவள் பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த மரம் ஒன்றுதான் கேட்ட வாரமே செய்து கொடுத்தது. அதைப் போய் அவள் எப்படிக் காட்டிக்கொடுப்பாள்?

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு விழாக் கமிட்டியின் அபேட்சை வந்தது, பக்கம் பக்கமாகக் கையெழுத்தோடு. மரத்தை வெட்டக் கூடாது. நான் மேசையைத் தட்டிப் பேசினேன். உள்ளே மூன்று உயிர் இருக்கிறது என்றேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை, அதுதான் கொடுமை. தேர்தல் வருகிற வருஷம். எல்லாக் கட்சிக்காரர்களின் பெண்டாட்டிகளும் அங்கே விளக்குப் போட்டவர்கள்தான். வழிபாட்டு இடம் என்பதால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரலாம், போலீஸிடமும் கலெக்டர் ஆபீஸிலும் அபிப்பிராயம் கேட்டுவிட்டு மேற்கொண்டு செய்யலாம் என்றார் செக்ரட்டரி. பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். அந்தக் கனிவான முகம். "நோக்காம், சேச்சி" என்றார். எனக்கு அவர் மேல் தண்ணீர் டம்ளரை எறியலாமா என்று வந்தது.

அடுத்த ஐட்டமும் மரத்தைப் பற்றியதுதான். வேலை முடிந்து வருகிற பெண்கள் சாயங்காலம் அங்கே கும்பிடுகிறார்கள், இருட்டில் பாம்பு பயம், ஆகவே ஒரு தெருவிளக்கு வேண்டும். அந்த ரோட்டில் போஸ்ட் இருக்கிறதா என்றார் செக்ரட்டரி. இருக்கிறது. ஃபண்டு இருக்கிறதா? இருக்கிறது. ஆட்சேபணை உண்டா? இல்லை. வடை வருவதற்கு முன்னால் பாஸாகிவிட்டது. எந்த மண், யார் மரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விளக்குக்கு ஆட்சேபணை சொல்ல எனக்கும் என்ன இருக்கிறது? நானும் கையைத் தூக்கினேன்.

அந்த மாதமே விளக்கு வந்துவிட்டது. பெரிய எல்.இ.டி. விளக்கு. ஸ்விட்ச் போடுவதற்கு மரத்தடியில் ஒரு சின்ன விழா, பிரசிடெண்ட் போட்டார், நான் பக்கத்தில் நின்று கை தட்டினேன். அந்த வீட்டுக்கும் பஞ்சாயத்து ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. மலையாளத்தில் இருந்ததால் அவள் அதை என்னிடமே கொண்டுவந்தாள், என்னவென்று சொல்லுங்கள் என்று. மழைக்காலத்தில் ஆபத்தான மரத்தின் அடியில் வசிப்பதால், உங்கள் சொந்தப் பொறுப்பில் உடனே பாதுகாப்பான இடத்துக்கு மாறிக்கொள்ளவும். தவறினால் ஏற்படும் நஷ்டத்துக்குப் பஞ்சாயத்து பொறுப்பல்ல. படித்து முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"மரத்த வெட்டுறதப் பத்தி இல்லையாக்கா?"

"இல்ல புள்ள."

அவள் அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

சில வாரம் கழித்து மறுபடி வந்தாள். என் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாயை விரட்டிவிட்டு, நின்றபடியே சொன்னாள். "அக்கா, இன்னொரு அபேட்ச எழுதணும்."

"மரத்துக்கா? அது நிக்கிதுடி. கலெக்டர் ஆபீஸுல இருந்து பதில் வரல."

"லைட்டுக்கு. அத அணைக்கச் சொல்லணும்."

எனக்கு விளங்கவில்லை. எங்கள் பஞ்சாயத்தில் விளக்கு வேண்டும் என்று கேட்பார்கள், விளக்கு எரியவில்லை என்று கேட்பார்கள். அணைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. என்ன ஏது என்று கேட்டதற்கு, "அவரு தூங்க மாட்டேங்கறாரு" என்று மட்டும் சொன்னாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது போல என்று நினைத்து, எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் கிளார்க் அதை வாசித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கையாக இருந்தது அவர்களுக்கு. பாஸான விளக்கை எடுக்க நியமத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் செக்ரட்டரி. பிரசிடெண்ட் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேலே மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் கட்டிலில் கிடந்தார். சன்னலுக்கு அவளுடைய பழைய நீலச் சேலையைக் கட்டியிருந்தார்கள். மகள் ஸ்கூலுக்குப் போயிருந்தது. காரியம் நடக்கவில்லை என்பதை நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பரவால்ல மெம்பரம்மா. நீங்க என்ன செய்வீங்க" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குதுன்னா கட்டிலத் திருப்பிப் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"திருப்பினா கதவு தெறக்காதுக்கா. அந்தச் செவரு பூரா ஓதம்" என்றாள் அவள்.

"வெளிச்சம் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது," என்றார் அவர். "முன்னல்லாம் ராத்திரி இருட்டா இருக்கும். சத்தந்தான் வரும், கர்ருனு. அது காத்துதான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். சொல்லிச் சொல்லித் தூங்கியும் போயிருவேன். இப்ப லைட்டப் போட்டுட்டாங்க. அது ஆடுறது முழுசாத் தெரியுது. எம்புட்டுச் சாயுது, எம்புட்டு நிமிருது, எல்லாம் தெரியுது. திரும்பிப் படுக்க முடியாதுல்ல எனக்கு. கழுத்த மட்டும் எம்புட்டு நேரந்தான் திருப்பி வச்சிருக்க? பாத்துக்கிட்டே கெடக்கேன்."

"சேலை கட்டியிருக்கீங்களே?"

"கட்டுனோம்." அவர் சன்னலைப் பார்த்தார். "இப்ப நெழலு சேலையில ஆடுது."

வாய் இருக்கிற பொம்பளை என்றுதானே எனக்கு மாலை போட்டு ஜீப்பில் உட்காரவைத்தார்கள். கட்டில் ஓரத்தில் அவர் காலைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தொட்டது அவருக்குத் தெரியாது.

எழுந்து வெளியே வந்தேன். அவள் மேலே ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். மரத்தடியில் நின்றவர்கள் மெம்பர் என்று வழி விட்டார்கள். அவள் பீடத்திலிருந்து ஒரு துளிக் குங்குமம் எடுத்து என்னிடம் நீட்டினாள். இந்த மரத்தை வெட்ட எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினாள்.

அண்ணாந்து பார்த்தேன். காற்று லேசாகத்தான் அடித்தது. பொந்துக்குள் கர்ரென்று சத்தம் கேட்டது. குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பி, விழுகிறதாக இருந்தால் மேல் பக்கமாக விழு தாயி என்று நானும் கேட்டுக்கொண்டேன்.